ஆண் குட்டியின் விதைகள்: கைவைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவை

நாய்க்குட்டி எடுக்கப் போகிறவர்கள் கண்ணைப் பார்ப்பார்கள், காதை முகர்ந்து பார்ப்பார்கள், ஈறு வெளுத்திருக்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, நடை சரியாக இருக்கிறதா என்றெல்லாம் கவனிப்பார்கள். ஆண் குட்டியாக இருந்தால், பின்னங்கால்களுக்கு நடுவே விரல் வைத்து இரண்டு விதைகளும் விதைப்பைக்குள் இறங்கிவிட்டனவா என்று பார்ப்பவர்கள் குறைவு. கூச்சம் ஒரு காரணம். "வளர வளரத் தானா இறங்கிடும்" என்று யாராவது சொல்லிவிடுவது இன்னொரு காரணம். எங்கள் பொமரேனியன் சுப்புவுக்கு ஒரு விதை இறங்கவில்லை. அவனைக் கவனித்துக்கொண்ட மாதங்களில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடுவதில் பயனில்லை. முதல் ஆறு மாதமும் அடிக்கடி தொட்டுப் பார்த்து, பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவைத்தால் மட்டுமே, பொறுத்திருக்க வேண்டிய காலம் எது, முடிவெடுக்க வேண்டிய காலம் எது என்று தெரியும்.

8 வாரக் குட்டியாக அவனை எடுத்து வந்தோம். கொடுத்தவர் தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதி எல்லாம் ஒழுங்காகத்தான் கொடுத்தார். விதையைப் பற்றிக் கேட்டதற்கு, "ரெண்டும் இருக்குங்க, குட்டி சின்னதுல்ல, கைக்குத் தெரியாது" என்று முடித்துக்கொண்டார். முதல் பரிசோதனையில் டாக்டர் அவனை மேசைமேல் நிற்கவைத்து, பின்னாலிருந்து கையை உள்ளே கொடுத்துத் தடவிப் பார்த்தார். "இடது பக்கம் இருக்கு. வலது பக்கம் எனக்குக் கிடைக்கல. நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கம்மா, வீட்டுல நீங்கதான பாக்கப் போறீங்க" என்றார்.

அன்று என் விரலில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. இடது பக்கம் மெல்லிய தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒன்று, வழுவழுப்பாக, பிடிகொடுக்காமல் நழுவியது. லேசாக அழுத்தினால் அமுங்கிக்கொடுத்து மீண்டது. வலது பக்கம் தோல் மட்டும் இரண்டு விரல்களுக்கு நடுவே மடிந்தது. இந்த வித்தியாசத்தை எத்தனை படம் பார்த்தாலும் கண்ணால் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் குட்டிக்கு இரண்டும் சரியாக இருந்தாலும், டாக்டர் பார்க்கும்போது "நானும் தொட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டு ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள். சரியாக இருப்பது எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், பிறகு கோளாறு வரும்போது அதுவே கண்டுபிடித்துவிடும்.

விதைகள் உருவாகும் இடம் விதைப்பை கிடையாது. கருவில் இருக்கும்போது வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் உருவாகின்றன. அங்கிருந்து ஒரு தசைநார் வழிகாட்ட, ஹார்மோன்களின் உதவியோடு கீழே நகர்ந்து, தொடையிடுக்கில் உள்ள ஒரு குறுகிய கால்வாயைக் கடந்து விதைப்பைக்கு வந்து சேர வேண்டும். நாய்களில் குட்டி பிறந்த பிறகுதான் இந்தப் பயணம் முடிகிறது. பிறந்து 3, 4 நாட்களில் கால்வாயைக் கடக்கின்றன. சுமார் 35 நாளில் விதைப்பைக்குள் உட்கார்ந்துவிடுகின்றன. 6 முதல் 8 வாரத்துக்குள் பெரும்பாலான குட்டிகளில் இரண்டையும் கையால் உணர முடியும். அதன் பிறகும் சிலவற்றுக்குத் தாமதமாக இறங்குவதுண்டு. ஆனால் அந்தக் கால்வாயின் வாய் சுமார் 6 மாதத்தில் இறுகிவிடும். அதைத் தாண்டி ஒரு விதை இறங்குவது மிக அபூர்வம். 8 வாரத்தில் இல்லை என்றால் கவனிக்க வேண்டும், 4 மாதத்தில் இல்லை என்றால் இறங்காது என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும், 6 மாதத்தில் இல்லை என்றால் இறங்காத விதை என்று உறுதிசெய்துகொள்ளலாம். எங்கள் டாக்டர் எனக்குக் கொடுத்த கணக்கு இது.

வலது பக்கம் விடுபடுவதே அதிகம் என்றும் அவர் சொன்னார். நாயின் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்று முன்னால் இருக்கிறது, வலது விதைக்கு அதனால் வழி கொஞ்சம் நீளம். சிறிய இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது: சிவாவா, பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிறிய பூடுல், மினியேச்சர் ஷ்னாசர். பெரியவற்றில் ஜெர்மன் ஷெப்பர்ட், பாக்ஸர் போன்றவற்றிலும் உண்டு. கலப்பினக் குட்டிகளுக்கும் வரும்.

இனி, வீட்டில் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். பலரும் தேடும் இடமே தவறு. பூனைக்கு விதைப்பை ஆசனவாய்க்கு நேர் கீழே இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் நாய்க்கும் அங்கேயே தேடுவார்கள். நாய்க்கு அது இன்னும் முன்னால், இரண்டு தொடைகளுக்கு நடுவே இருக்கிறது. குட்டிக்கு அது தொங்கும் பையாகக்கூடத் தெரியாது; ரோமம் குறைந்த, லேசாகச் சுருங்கிய ஒரு தோல் மடிப்பாக இருக்கும். அதற்கும் முன்னால் தொப்புளை நோக்கிப் போவது ஆணுறுப்பும் அதன் உறையும்.

கை சூடாக இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதில்தான் பலருக்குத் தவறிப்போகிறது. விதையை மேலே இழுத்துக்கொள்ளும் ஒரு தசை இருக்கிறது. குளிர்ந்த கை பட்டாலோ, குட்டி பயந்தாலோ, துள்ளினாலோ அது சுருங்கி விதையைத் தொடையிடுக்குக்கு இழுத்துக்கொண்டுவிடும். முந்தின நாள் இருந்தது இன்று இல்லை என்று பதறுவதற்கு இதுவே காரணம். நான் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, சுப்பு சாப்பிட்டு மடியில் தூங்கி வழியும் நேரத்தில் பார்ப்பேன். தூக்கத்தில் தசை தளர்ந்திருக்கும், விதை கீழே இருக்கும். அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. "பாவம்டி அது, அங்க போய் ஏன் கை வைக்கிற?" என்பார். பிறகு அவரே, "இன்னிக்குப் பார்த்தியா, இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

குட்டியை நிற்கவைத்தோ மல்லாக்கப் படுக்கவைத்தோ பார்க்கலாம். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஆணுறுப்பின் உறைக்குப் பக்கவாட்டில், தொடை வயிற்றோடு சேரும் மடிப்பில் வைத்து, அங்கிருந்து விதைப்பையை நோக்கி மெதுவாக வழித்துவிட்டுக்கொண்டே வர வேண்டும். வழியில் எங்காவது விதை நின்றிருந்தால் விரலுக்கு முன்னால் நகர்ந்து வரும். ஒவ்வொரு பக்கமாக, இரண்டு மூன்று தடவை போதும். அழுத்திப் பிசையக் கூடாது, இறங்கட்டும் என்று இழுக்கவும் கூடாது. இழுத்தோ தடவியோ எந்த விதையும் இறங்காது, வலிதான் மிஞ்சும். அடுத்த தடவை குட்டி கையைக் கடிக்க வரும்.

தொடையிடுக்கில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே கொழுப்புத் திரட்சியும் நிணநீர்க் கணுவும் இருப்பதால், விதையைத் தேடும் விரல் அவற்றில் ஒன்றைத் தொட்டுவிட்டு "கிடைச்சிடுச்சு" என்று மகிழ்ந்துவிடும். சுப்பு 3 மாதக் குட்டியாக இருந்தபோது எனக்கு வலது பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. டாக்டரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகத் தொட்டுப் பார்த்து, கொழுப்பு என்றார். விதை வழுக்கிக்கொண்டு விதைப்பை பக்கமாக நகரும், ஓரம் தெளிவாக இருக்கும். கொழுப்பு தோலோடு சேர்ந்து கொழகொழவென்று அசையும், இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. நிணநீர்க் கணு இருந்த இடத்திலேயே நிற்கும். சந்தேகம் வந்தால் அடுத்த வாரம் திரும்பப் பார்த்தால் போதும். இதற்காகத்தான் எழுதிவைக்கச் சொல்கிறேன். தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்திலேயே நான் குறித்துக்கொண்டேன்: தேதி, இடது எங்கே, வலது எங்கே, குட்டி தூங்கினானா விழித்திருந்தானா. வாரம் ஒரு வரி. பிற்பாடு டாக்டர் கேட்டபோது நினைவிலிருந்து தேடிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விதை கையில் கிடைத்தால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவா, ஒரே உறுதியா என்று பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பின்னால் இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் திடீரென்று வீங்குவது, சூடாக இருப்பது, தொட்டால் கத்துவது, கல்லாக இறுகுவது, வரவரச் சிறுத்துப்போவது, இவற்றில் எதுவும் இயல்பில்லை. விதைப்பையின் தோல் மிக மெல்லியது. கிருமிநாசினி ஊற்றித் துடைத்த தரையில் ஈரம் காயும் முன் உட்கார்ந்தாலே சிவந்து எரிச்சல் எடுக்கும், குட்டி விடாமல் நக்கும். உண்ணி ஒட்டிக்கொள்ளவும் அது வசதியான இடம்.

ஒரு நாள் மாலை தம்பி கூடத்திலிருந்து கத்தினான். "அக்கா, இங்க வா! சுப்புவுக்கு ரெண்டு பக்கமும் கட்டி!" ஓடிப்போய்ப் பார்த்தால், விளையாடி விளையாடிக் கிளர்ச்சியில் இருந்தான், உறையின் நடுவில், தோலுக்கு உள்ளே, இரண்டு பக்கமும் உருண்டையாகப் புடைத்திருந்தது. அது கட்டியும் இல்லை, விதையும் இல்லை. நாயின் ஆணுறுப்பின் அடிப்பகுதியில் இரத்தம் நிறைந்து வீங்கும் ஒரு பகுதி இருக்கிறது. இணை சேரும்போது நாய்கள் பிரிய முடியாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுதான். விளையாட்டு, பரபரப்பு, வீட்டுக்கு ஆள் வந்த மகிழ்ச்சி எதுவாக இருந்தாலும் அது புடைக்கலாம். யாரும் தொடாமல் விட்டுவிட்டால் சில நிமிடங்களில் வடிந்துவிடும். சின்னக் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதையும் இதையும் சேர்த்துப் பார்த்து "இப்பவே இப்படியா" என்று அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்த வயதில் அது விளையாட்டு. பெண் குட்டிகளும் செய்யும்.

ஆனால் வெளியே வந்த உறுப்பு திரும்ப உறைக்குள் போகாவிட்டால் அது அவசரம். நீண்ட ரோமம் உள்ள குட்டிகளுக்கு உறையின் வாயில் இருக்கும் ரோமம் உறுப்பைச் சுற்றிக்கொண்டு கட்டுப்போட்டுவிடும். இரத்தம் திரும்ப முடியாமல் வீங்கும், வீங்க வீங்க உள்ளே போகாது, காய ஆரம்பிக்கும், நிறம் கறுக்கும். அரை மணி நேரம் ஆகியும் உள்ளே போகவில்லை என்றால் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். போகும் வழியில் அது காயாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்: சுத்தமான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி, கிடைத்தால் தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல்லி. குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். நக்க விடக் கூடாது, பலவந்தமாகத் தள்ளவும் கூடாது. சுப்புவுக்கு உறை வாயிலுள்ள ரோமத்தைக் கொஞ்சமாகக் கத்தரித்து வைக்கச் சொன்னார் டாக்டர். ஒட்ட வெட்டினால் குத்தி அரிக்கும்.

உறையின் நுனியில் மஞ்சளாகவோ லேசான பச்சையாகவோ ஒரு சொட்டு கசிவது வளரும் ஆண் நாய்களுக்குச் சாதாரணம். அதற்குக் கிருமிநாசினி போட்டுக் கழுவினால் இல்லாத புண் வரும். ஈரத்துணியால் வெளியே துடைத்தால் போதும். கசிவு நிறைய இருந்தால், நாற்றம் அடித்தால், இரத்தம் கலந்திருந்தால், குட்டி எந்நேரமும் அங்கேயே நக்கிக்கொண்டிருந்தால் காட்ட வேண்டும்.

சிறுநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். உறையின் நுனியிலிருந்து ஒழுங்கான தாரையாக வர வேண்டும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கத்தில் எங்காவது திறந்திருக்கும். வயிற்றடி ரோமம் எப்போதும் நனைந்து, தோல் வெந்துபோய் இருக்கும். உறையின் வாய் மிகக் குறுகலாக இருந்தால் சிறுநீர் உள்ளே தேங்கிச் சொட்டுச் சொட்டாக வடியும். இன்னும் சில குட்டிகளுக்கு உறுப்பையும் உறையையும் சேர்க்கும் ஒரு மெல்லிய சவ்வு, பருவத்தில் தானாகப் பிரிய வேண்டியது பிரியாமல் நின்று, உறுப்பைக் கீழ்நோக்கி வளைத்துவிடும். காக்கர் ஸ்பேனியல்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இவற்றில் சவ்வை எளிதாக வெட்டி விட்டுவிடலாம், மற்றவற்றுக்கு என்ன செய்வது என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தொப்புளில் மெத்தென்று புடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். விதை இறங்காத குட்டிகளில் தொப்புள் குடலிறக்கமும் சேர்ந்திருப்பது உண்டு. தொடையிடுக்கிலோ விதைப்பையிலோ மெத்தென்ற வீக்கம் இருந்தால் அது குடலாகவும் இருக்கலாம். அமுக்கினால் உள்ளே போகாமல் இறுகியிருந்தால், குட்டி வாந்தி எடுத்தால், அன்றே போக வேண்டும்.

சுப்புவுக்கு 4 மாதம் ஆனபோது வலது பக்கம் இன்னும் காலியாகவே இருந்தது. வேறொரு இடத்தில் கேட்டபோது, ஊசி போட்டால் இறங்கிவிடும் என்று ஆலோசனை சொன்னார்கள். வீட்டில் எல்லோருக்கும் அதில் ஆசை, எனக்கும்தான். எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "ஹார்மோன் ஊசியால இறங்குச்சுன்னு உறுதியாச் சொல்ல ஆதாரம் கிடையாதும்மா. ஊசி போட்ட சமயத்துல தானாவே இறங்கினதும் இருக்கும். அப்படியே இறங்கினாலும், அந்தக் குறை அவன் இரத்தத்துல இருக்கு. அதை மறைச்சு அவனை இனப்பெருக்கத்துக்கு விட்டா, பிறக்கிற குட்டிகளுக்கும் போகும்" என்றார். அந்தக் கடைசிக் காரணம் என் மனதை மாற்றியது. விதைப்பைக்குள் விதையை இழுத்துத் தைத்து வைக்கும் அறுவை சிகிச்சையையும் இதே காரணத்துக்காகவே நல்ல மருத்துவர்கள் மறுக்கிறார்கள். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் இன வரையறைகளில், ஆண் நாய்க்கு இயல்பான இரண்டு விதைகளும் விதைப்பைக்குள் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்று எழுதியே இருக்கிறது.

"இறங்காட்டி என்ன, ஒண்ணு இருக்கே" என்று கேட்பவர்களுக்கு என் பெரியப்பா வீட்டு ராஜாவைப் பற்றிச் சொல்வேன். அவனுக்கும் ஒரு விதைதான் வெளியே. யாரும் பொருட்படுத்தவில்லை, நன்றாக ஓடினான், சாப்பிட்டான், குரைத்தான். 8 வயதுக்கு மேல் இரண்டு விலாப்பக்கமும் ஒரே மாதிரி ரோமம் கொட்டத் தொடங்கியது. அரிப்பு இல்லை. தோல் நோய் என்று நினைத்து எண்ணெயும் மருந்தும் போட்டார்கள். பிறகு முலைக்காம்புகள் வீங்கின, உறை தொங்கிப்போனது, மற்ற ஆண் நாய்கள் அவனைப் பெண் நாய் என்று நினைத்து மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தன. வயிற்றை ஸ்கேன் செய்தபோதுதான், இறங்காமல் போன அந்த விதை கட்டியாக வளர்ந்து கிடப்பது தெரிந்தது. செர்டோலி செல் கட்டி என்றார்கள். அது பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனை அளவுக்கு மீறிச் சுரக்கும். ரோமம் கொட்டுவதைப் பார்த்துவிடலாம். அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையை அடக்கி இரத்த அணுக்களைக் குறைப்பது வெளியே தெரியாது. ராஜா அறுவை சிகிச்சையைத் தாங்கும் நிலையில் இல்லை. பெரியப்பா இன்றும் அவனைப் பற்றிப் பேசும்போது, "குட்டியா இருக்கும்போதே எடுத்திருக்கலாம்" என்றுதான் முடிப்பார்.

இறங்காத விதையில் கட்டி வரும் வாய்ப்பு, இறங்கிய விதையோடு ஒப்பிட்டால் சுமார் 10 மடங்கு அதிகம். உடலின் சூடுதான் அதைக் கெடுக்கிறது. நாயின் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். விதைப்பைக்குள் அதைவிடச் சில டிகிரி குறைவு. அந்தக் குளிர்ச்சி இல்லாமல் விந்தணு உருவாகாது. ஆனால் ஆண்மை ஹார்மோன் சுரக்கும். ஆகவே இரண்டும் இறங்காத நாய் மலடாக இருந்தாலும் காலைத் தூக்கும், சண்டைக்குப் போகும், பெண் நாயைத் தேடி ஓடும். ஒன்று மட்டும் இறங்கிய நாய்க்குக் குட்டி பிறக்கும். கட்டி தவிர, வயிற்றுக்குள் தளர்ந்து கிடக்கும் விதை முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. திடீரென்று வயிறு வலித்துச் சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும். அப்போது அறுவை சிகிச்சைக்கு மணிக்கணக்குதான் அவகாசம்.

6 மாதம் முடிந்ததும் ஸ்கேன் செய்தோம். வலது விதை வயிற்றுக்குள், சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று முன்னதாகத் தெரிவதில் பெரிய நன்மை உண்டு. தொடையிடுக்கில் நின்றிருந்தால் அங்கேயே சின்னக் கீறலில் எடுத்துவிடலாம், வயிற்றுக்குள் என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும் அல்லது சின்னத் துளை வழியாக நுழைக்கும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப் மூலம் எடுக்க வேண்டும். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஸ்கேனில் தெரியாத விதையையும் தேடி எடுக்க வழி இருக்கிறதாம்: விந்துக்குழாய் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் புராஸ்டேட் என்ற சுரப்பியில் போய்ச் சேருகிறது, அங்கே அதைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தால் மறுமுனையில் விதை இருக்கும்.

இரண்டையும் எடுத்தார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: வெளியே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடக் கூடாது. ஆபத்தான விதை உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நாயோ பார்ப்பவர்களுக்குக் கருத்தடை செய்ததாகத் தோன்றும். முடிந்தபின் டாக்டர் என்னைக் கூப்பிட்டு எஃகுத் தட்டில் இரண்டையும் காட்டினார். இடது விதை கெட்டியாக, நீள்வட்டமாக, மேலே நரம்போடிப் பளபளத்தது. வலது அதில் பாதிகூட இல்லை. தட்டில் வைத்த இடத்தில் தட்டையாகப் படிந்து, துவண்டு கிடந்தது. "இதான் இவ்வளவு நாளா தேடிட்டிருந்தது" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு கழுத்தில் கூம்பு, 10 முதல் 14 நாள் வரை ஓட்டம், குதிப்பு, குளியல் எதுவும் இல்லை. முதல் சில நாட்கள் விதைப்பைத் தோல் லேசாக வீங்கி, விதை இன்னும் இருப்பதாகத் தோன்றும், கவலைப்பட வேண்டாம். வீக்கம் நாளுக்கு நாள் கூடினால், தையலில் நீர் வடிந்தால், குட்டி சாப்பிட மறுத்தால் உடனே சொல்ல வேண்டும். விதைகளை எடுத்த பிறகும் குழாயில் தங்கிய விந்தணுக்களால் சில வாரங்கள் வரை கரு உண்டாக்க முடியும் என்பதால், சினைக்கு வந்த பெண் நாய் வீட்டில் இருந்தால் தனித்தனியாக வைத்திருங்கள்.

சுப்பு சிறிய இனம், அதனால் வயதைப் பற்றிப் பெரிய விவாதம் வரவில்லை. பெரிய இனக் குட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எலும்பு வளர்ந்து முடிவதில் ஆண்மை ஹார்மோனுக்குப் பங்கு இருக்கிறது; பெரிய இனங்கள் சிலவற்றில் மிகச் சீக்கிரம் விதையை எடுத்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்க கால்நடை மருத்துவமனைகள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், வளர்ந்தபின் சுமார் 20 கிலோவுக்குள் இருக்கப்போகும் ஆண் நாய்களுக்கு 6 மாதத்திலும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு வளர்ச்சி நின்ற பிறகு, 9 முதல் 15 மாதத்துக்குள்ளும் செய்யச் சொல்கிறது. இறங்காத விதையில் கட்டி வருவது பெரும்பாலும் நடுவயதைத் தாண்டித்தான். ஆகவே லாப்ரடார் குட்டிக்கு ஒரு வருடம் வரை காத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. காத்திருப்பது வேறு, மறந்துவிடுவது வேறு; தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள்.

இரண்டு விதையும் சரியாக உள்ள நாயை எடுக்காமல் வைத்துக்கொள்வதும் ஒரு முடிவுதான். அப்போது மாதம் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பதை வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். வயதானபின் புராஸ்டேட் வீக்கம் மிகச் சாதாரணமாக வரும். மலம் முக்கிப் போவதும் உறையிலிருந்து இரத்தம் சொட்டுவதும் அதன் அடையாளங்கள். இணை சேர்ப்பதாக இருந்தால் புருசெல்லா என்ற கிருமிக்கான பரிசோதனை செய்யாமல் சேர்க்காதீர்கள். அது விதைகளை வீங்கவைத்து மலடாக்கும், மனிதர்களுக்கும் தொற்றும்.

சுப்புவைக் கொடுத்தவருக்கு ஸ்கேன் முடிவைச் சொன்னேன். சண்டைக்காகச் சொல்லவில்லை. இந்தக் குறை பரம்பரையாக வருவது. தகப்பன் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, தாயும் வெளியே தெரியாமல் சுமந்திருக்கும். அதே ஜோடியைத் திரும்பச் சேர்த்தால் அடுத்த ஈற்றிலும் வரலாம். அவர் முதலில் மறுத்தார், பிறகு கூடப் பிறந்த இன்னொரு ஆண் குட்டிக்கும் இப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஜோடியை மறுபடி சேர்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

வளர்ந்த ஆண் நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விதைப்பை காலியாக இருந்தால், கருத்தடை செய்யப்பட்டது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டுமே வயிற்றுக்குள் இருக்கலாம். பழைய தழும்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை அளக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. விதைத் திசு உடலில் எங்கே இருந்தாலும் அது இரத்தத்தில் தெரியும், முழுக்க எடுத்திருந்தால் தெரியாது. உங்கள் நாய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போதும், எந்த விதை எங்கிருந்து எடுக்கப்பட்டது, இரண்டும் எடுக்கப்பட்டனவா என்று சீட்டில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுப்புவின் சீட்டை நான் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நாளை வேறு டாக்டரிடம் போனாலும் அவருக்கு ஸ்கேன் தேவைப்படாது.